கெம்பனேரியின் முதல் விலை

நூருல்லா தன் வாழ்நாளில் எந்தப் பொருளுக்கும் உண்மையான விலையை முதல் பேச்சில் சொன்னதில்லை. அதைப் பொய் என்று அவர் நினைத்ததும் இல்லை. வாலிபத்தில் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் தரகு பார்த்தவர். அங்கே விலை பேசுவது வாயால் அல்ல, துண்டுக்கு அடியில் விரலால். வாங்குகிறவனும் விற்கிறவனும் கைகோத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத முகத்தோடு ஆகாயத்தைப் பார்த்து நிற்பார்கள். முதலில் பிடிக்கிற விரல் விலையே அல்ல. பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிற மாதிரி. மற்றவன் கையை உதறுவான், "போய்யா" என்பான், நாலு எட்டு நடப்பான், திரும்பி வருவான். அதற்கப்புறம்தான் பேச்சு. முதல் விரலுக்கே தலையாட்டுகிறவனை மண்டியில் கிறுக்கன் என்பார்கள். விற்றவனுக்கே அன்று ராத்திரி தூக்கம் வராது, இன்னும் ஏற்றிக் கேட்டிருக்கலாமே என்று.

மண்டித் தொழில் படுத்த பிறகு ஓசூருக்கு வந்து, மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில் கெம்பனேரிக் கரையில் டிரம் கடை போட்டார். தொழிற்சாலைகள் காலி செய்து தள்ளும் நீலப் பிளாஸ்டிக் டிரம்களை வாங்கிக் கழுவி விற்பது வியாபாரம். 'கெம்பனேரி பாதுகாப்புக் குழு'வின் தலைவர் என்பது கௌரவம். குழுவுக்கு லெட்டர்பேட் உண்டு, ரப்பர் ஸ்டாம்ப் உண்டு, கடைப் பலகையைவிடப் பெரிய பலகை ஒன்றும் உண்டு. டிரம்களைக் கழுவுவது ஏரியின் மேற்கு மூலையில். குழுக் கூட்டங்களில் மேற்கு மூலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏரிக்கு மூன்று மூலைதான் என்பது போல ஒரு மரியாதை.

கெம்பனேரி அப்படி ஒன்றும் பார்த்து மயங்குகிற ஏரி அல்ல. ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, ஒரு பக்கம் சோப்பு நுரை. ஆனால் அதில் தண்ணீர் நிற்கிறவரைக்கும் தெருவின் போர்வெல்லில் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டு ஜோதியம்மாளின் இரண்டு மாடுகளும் அதன் கரையில்தான் மேய்ந்தன. ஏரி போனால் தெரு போகும். அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஏரியை மூடி லாரி முனையம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. முன்காலமாக இருந்தால் மண் கொட்டிவிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். இப்போது எல்லாம் முறைப்படி நடக்கிற காலம். ஏரி மக்களுக்கு எவ்வளவு பெறும் என்று அந்த மக்களையே கேட்டுக் கணக்கிட வேண்டுமாம். முனையத்தால் வரும் லாபத்தைவிட அந்தக் கணக்கு கூடுதலாக வந்தால் ஏரி பிழைக்கும். குறைந்தால் லாரி வரும். இந்தக் கணக்கைப் போட 'நீர்மதி கன்சல்டிங்' என்று பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது.

கல்யாண மண்டபத்தில் விளக்கக் கூட்டம். கம்பெனியின் இளம்பரிதி மேடையேறி, திரையில் ஒரு ஏரியைக் காட்டினார். அது கெம்பனேரி அல்ல. அதில் அன்னப்பறவைகள் நீந்தின.

"மதிப்புக்குரிய பங்குதாரர்களே," என்று ஆரம்பித்தார். பங்குதாரர்கள் எலுமிச்சை சாதப் பொட்டலத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். "சந்தையில் ஏரிக்கு விலை கிடையாது. ஆனால் உங்கள் மனதில் ஒரு மதிப்பு இருக்கிறது. அதை நாங்கள் விஞ்ஞானபூர்வமாக வெளியே கொண்டுவருவோம். ஏரியைக் காப்பாற்ற உங்கள் குடும்பம் மாதம் எவ்வளவு கொடுக்கச் சம்மதிக்கும்? இவ்வளவுதான் கேள்வி. உண்மையில் யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சந்தை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள், போதும்."

நூருல்லா எழுந்தார். "தம்பி, இதுல விக்கிறவன் யாரு, வாங்கறவன் யாரு?"

"யாரும் இல்லை சார். கற்பனைச் சந்தை."

"கற்பனையோ கண்ராவியோ, சந்தைன்னு சொல்லிட்டீங்கல்ல?"

"ஆமாம் சார்."

"போதும்," என்று உட்கார்ந்தார் நூருல்லா. அவர் முகத்தில் பல வருஷத்துக்குப் பிறகு மண்டிக் களை வந்திருந்தது.

அன்று சாயங்காலம் டிரம் கடையில் குழு கூடியது. கவிழ்த்துப் போட்ட டிரம்கள்தான் நாற்காலி. தலைவர் பேசினார்.

"நல்லா கேட்டுக்கங்க. எவ்ளோ குடுப்பீங்கன்னு கேக்கறான். அப்ப நாம வாங்கறவங்க. வாங்கறவன் முதல்ல ஏத்திச் சொல்லுவானா? அஞ்சு ரூபான்னு சொல்லுங்க. அவன் மூஞ்சியெ சுளிப்பான். சுளிக்கட்டும். திரும்பி வருவான். அம்பதுக்குப் போங்க. மறுபடி வருவான். கடைசில நிக்க வேண்டிய எடத்துல நிப்போம்."

"நான் முந்நூறு குடுப்பன் பாய்," என்றாள் ஜோதியம்மாள். "ஏரி இல்லன்னா ரெண்டு மாட்டுக்கும் தீவனம் வாங்கியே நான் ஒழிஞ்சிருவன். நெசமாத்தான் சொல்றன்."

"அட, நெசத்தெ யாரு முதல்ல சொல்லச் சொன்னது? முந்நூறுன்னு எடுத்தவுடனே சொன்னா, இவுங்களுக்குப் பசை இருக்குதுன்னு ஆயிரத்துல வந்து நிப்பான். காரியத்தெ கெடுத்துராத தாயி."

செயலாளர் கங்கப்பன், பக்கத்துத் தெருக்காரர், ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி. தமிழில் யோசித்துக் கன்னடத்தில் சந்தேகப்படுகிறவர். "பாய், அவுங்க நெஜவாகலு, நெசமாவே திரும்பி வர்றாங்களா?"

"எந்த வியாபாரியாவது ஒரே பேச்சுல எந்திரிச்சுப் போவானா கங்கப்பா? சோறு வேணாமா அவனுக்கு?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. லெட்டர்பேடில் மட்டும் எழுதவில்லை, ரகசியம் என்பதால்.

வீட்டில் மனைவி தாஹிரா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அந்தப் பையன் சந்தைன்னு சொன்னது உங்க சந்தைதானா? வேற மாதிரி இருக்கப் போவுது."

"சந்தையில என்னாடி எங்க சந்தை, உங்க சந்தை?"

"இல்ல, உங்ககிட்ட டிரம்மு வாங்க வர்றவன் உங்க மூஞ்சியெப் பாக்குறான். இவன் மேடையில நின்னு செவுத்தெப் பாத்துப் பேசுறான். அதான் கேட்டன்."

நூருல்லா ரசத்தைக் கேட்டார். பதில் இல்லாதபோது அவர் ரசம் கேட்பது வழக்கம்.

கம்பெனியிலிருந்து கணக்கெடுக்க சுசித்ரா என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், செருப்பில் கெம்பனேரிச் சேறு. நூருல்லா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தான் எதிரே உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். துண்டு தேவைப்படாது என்று தெரியும். கைக்கு அது இருந்தால்தான் பேச்சு வரும்.

சுசித்ரா டேப்லெட்டைப் பார்த்து வாசித்தாள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சாலை, வேலைவாய்ப்பு, ஏரி இவற்றை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துங்கள் என்றாள். ஏரி ஐந்தாவதாக வந்தது. ஆஸ்பத்திரியைக் கீழே தள்ள யாருக்கு மனம் வரும்? அடுத்து, "பதில் சொல்லும் முன் உங்கள் குடும்ப வருமானத்தையும், வாடகை, கல்வி, எரிவாயு போன்ற மற்றச் செலவுகளையும் மனதில் கொள்ளவும்" என்று வாசித்தாள்.

சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து தாஹிராவின் குரல் வந்தது. "ஏரியெப் பத்திக் கேக்க வந்த புள்ள, சிலிண்டர் வெலையெ என்னாத்துக்கு ஞாபகப்படுத்துது?"

"அப்படித்தான் இருக்குங்க அம்மா," என்றாள் சுசித்ரா பாவமாக. "வாசிக்காம விட்டா அடுத்த பக்கம் போகாது." பிறகு வந்தது கேள்வி. "கெம்பனேரியைப் பாதுகாக்க உங்கள் குடும்பம் மாதந்தோறும் அதிகபட்சமாக எவ்வளவு தொகை செலுத்தச் சம்மதிக்கும்?"

நூருல்லா கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். அலட்சியமாக ஒரு மூச்சு விட்டார்.

"அஞ்சு ரூபா."

சொல்லிவிட்டு அவள் முகம் சுளிப்பதற்காகக் காத்திருந்தார். அவள் சுளிக்கவில்லை. விரலால் தட்டினாள்.

"நன்றி சார். அடுத்தது, உங்க வீட்ல டூவீலர் இருக்கா?"

"இரும்மா, இரும்மா. அஞ்சு ரூபான்னா எழுதிக்கிட்ட?"

"ஆமாங்க."

"கம்மின்னு உனக்குத் தோணலையா?"

"நான் அப்படியெல்லாம் கேக்கக் கூடாது சார். உங்க பதில்ல நாங்க தலையிடக் கூடாதுன்னு ட்ரெய்னிங்ல சொல்லியிருக்காங்க. வேணும்னா நீங்களே மாத்திச் சொல்லலாம். மாத்தட்டுங்களா?"

இந்த இடத்தில் நூருல்லா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முந்நூறு என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மேலும் சொல்லியிருக்கலாம். மனதுக்குள் அவர் வைத்திருந்த தொகை தாஹிராவுக்குத் தெரிந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பாள். ஆனால் எதிராளி வாயைத் திறக்காமல் தன் விலையைத் தானே ஏற்றுகிறவனை மண்டி எந்தக் காலத்திலும் மன்னித்ததில்லை. வாய் வரைக்கும் வந்ததை நூருல்லா விழுங்கினார்.

"முந்நூறுன்னு போட்டுக்கம்மா!" என்றாள் தாஹிரா திரைக்குப் பின்னாலிருந்து.

"குடும்பத்துக்கு ஒரு பதில்தாங்க அம்மா. சார் சொன்னதுதான் போட முடியும். சார், மாத்தட்டுங்களா?"

"அஞ்சுதான்," என்றார் நூருல்லா. "போய் உங்க பெரியவர்கிட்ட சொல்லு. அவர் வரட்டும், பேசிக்கலாம்."

சுசித்ரா டூவீலரைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே ஜோதியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பது போல, "அஞ்சு" என்றாள். தெரு முழுக்க அஞ்சு. தலைவர் சொல்லுக்கு அப்படி ஒரு கட்டுப்பாட்டைக் குழு அதுவரை கண்டதில்லை. சந்தா வசூலில் கண்டதே இல்லை.

பிறகு காத்திருந்தார்கள். நூருல்லா கடைக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டார், பெரியவர் வந்தால் டிரம்மில் உட்காரவைக்க முடியாதே என்று. வெள்ளைக் கார் எது போனாலும் துண்டைச் சரிசெய்துகொண்டார். கார்கள் போயின. ஜோதியம்மாள் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறபோதெல்லாம், "வந்தாங்களா பாய்?" என்றாள். "இழுக்கறான். நல்லதுதான், இழுக்க இழுக்க நமக்குத்தான் லாபம்," என்றார். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்தினாள்.

அதற்கப்புறம்தான் நூருல்லா கங்கப்பனைக் கூட்டிக்கொண்டு நீர்மதியின் ஓசூர் அலுவலகத்துக்கே போனார். இளம்பரிதி எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சார்! உங்க தெரு டேட்டா அபாரம். பொதுவா பதில் அங்கங்க சிதறிக் கிடக்கும். உங்க தெருவுல எல்லாரும் அஞ்சு! இவ்வளவு துல்லியமான ஒத்த கருத்தை நான் பார்த்ததே இல்லை. டெல்லி கருத்தரங்குல இதைத்தான் வாசிக்கப் போறேன்."

"தம்பி, அது முதல் விலை."

"அப்படின்னா?"

"ஆரம்பிக்கற விலை. நீங்க வந்து பேசுவீங்கன்னு சொன்னது. பேச்சே இன்னும் ஆரம்பிக்கல!"

இளம்பரிதி இதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். "அறிக்கையே போயிடுச்சு சார்."

நூருல்லா திரும்பி, அதுவரை சுவரில் இருந்த விளக்கப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்த கங்கப்பனைப் பார்த்தார். கங்கப்பன் நெளிந்தார். "பாய், எங்க தெருவுல அஞ்சு சொல்லல."

"எவ்ளோ சொன்னீங்க?"

"எண்பது. எங்ககிட்ட அந்தப் பொண்ணு எவ்ளோன்னு கேக்கல பாய். 'நூறு ரூபா குடுப்பீங்களா?'ன்னு கேட்டுச்சு. நூறு முடியாது, எண்பதுன்னா பாக்கலாம்னன். எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க. அங்கெ இங்கெ பேசி எண்பதுல நின்னுச்சு."

நூருல்லா இளம்பரிதி பக்கம் திரும்பினார். "ஒரே ஏரிக்கு ரெண்டு தெருவுல ரெண்டு மாதிரி கேட்டீங்களா?"

"அது எங்க டிசைன் சார்," என்றார் இளம்பரிதி பெருமையாக. "சில தெருவுல தொகை சொல்லாம கேட்போம், சில தெருவுல ஒரு தொகை சொல்லிக் கேட்போம். நாம ஒரு தொகையைச் சொன்னா மக்கள் மனசு அதைச் சுத்தியே நிற்கும். அதனால நூறு சொல்லிக் கேட்ட தெருவை எல்லாம் கணக்குல சேர்க்கல. அந்தப் பதில் மாசுபட்டது."

"எங்கிட்ட ஆயிரம் குடுப்பியான்னு கேட்டிருந்தா அறுநூறுல முடிச்சிருப்பன்யா!"

"அதான் சார் சொல்றேன். அது ரொம்பப் பெரிய பிழையா போயிருக்கும்."

"சரி, குடுக்கறதெ விடுங்க. ஏரியெ எடுத்துக்கறன், உனக்கு எவ்ளோ வேணும்னு ஏன் கேக்கல? ஏரி எங்களுதுதானே? நாங்கதானே விக்கிறவங்க?"

"வேறொரு ஊர்ல அப்படியும் கேட்டுப் பார்த்தோம். பாதிப் பேர் கோடி ரூபாய்னாங்க, மீதிப் பேர் விளக்குமாத்தை எடுத்தாங்க. விளக்குமாத்தை எந்தக் கட்டத்துல போடுறது? அதனால அந்தக் கேள்வியையே எடுத்துட்டோம். எவ்வளவு கொடுப்பீங்கன்னு கேட்டா பதில் அடக்கமா வரும். அதுதான் நல்ல நடைமுறை."

"அப்ப ஏரி அஞ்சா, எண்பதா, கோடியா? எது நெசம்?"

இளம்பரிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவர் நல்ல பையனாகத் தெரிந்தார். "எந்தக் கேள்விக்கு டெண்டர்ல பணம் ஒதுக்கியிருக்காங்களோ, அந்தக் கேள்விக்கு வர்ற பதில்தான் சார் நிஜம்."

கணக்கு இப்படி முடிந்திருந்தது: தெருக்களையும் வீடுகளையும் கூட்டி, வருஷங்களால் பெருக்கி, வட்டியால் வகுத்துப் பார்த்ததில், கெம்பனேரியின் மொத்த மதிப்பு அதை மூடிக் கட்டப்போகிற முனையத்தின் சுற்றுச்சுவருக்கு ஆகும் செலவைவிடக் கொஞ்சம் குறைவு.

ஆட்சேபம் தெரிவிக்க ஒரு நாள் ஒதுக்கினார்கள். நூருல்லா லெட்டர்பேடில், ஸ்டாம்ப் குத்தி, தெருவில் ஒவ்வொரு வீடும் மாதம் ஐந்நூறு தரும் என்று எழுதிக்கொண்டு போனார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு இளம்பரிதியைப் பார்த்தார்.

"முடிவு தெரிஞ்ச பிறகு சொல்ற பதில் சார்," என்றார் இளம்பரிதி வருத்தத்தோடு. "அதுல உள்நோக்கம் வந்துடும். முதல்ல, யோசிக்காம சொன்னதுதான் மனசுல இருக்கற உண்மை."

"யோசிக்காம சொன்னமா?" நூருல்லாவின் குரல் மேலே ஏறியது. "கூட்டம் போட்டு யோசிச்சு சொன்னம்யா!"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது.

மண் லாரிகள் வந்தன. ஆகாயத்தாமரை, நுரை, மேற்கு மூலை எல்லாம் மண்ணுக்குள் போயின. ஏரியை முழுசாக மூடிவிட்டார்கள் என்று யாரும் குற்றம் சொல்லிவிட முடியாது. வடக்கோரத்தில் ஒரு துண்டு இடத்தை விட்டு, சிமென்ட் தளம் போட்டு, அதில் டேங்கர் தண்ணீரை நிரப்பி, ஃபைபர் அன்னம் இரண்டை மிதக்கவிட்டு, 'கெம்பனேரி பசுமைப் பூங்கா' என்று திறந்தார்கள். திறப்பு விழாவில் இளம்பரிதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நுழைவுக் கட்டணம் ஐந்து ரூபாய். மக்களே மனமுவந்து நிர்ணயித்த தொகை என்று பலகையிலேயே எழுதியிருந்தது. ஜோதியம்மாள் மாடுகளோடு போய் வாசலில் நின்று, மாட்டுக்கு எவ்வளவு என்று கேட்டாளாம். மாட்டுக்கு ரேட் இல்லை என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பினான். அந்த வாட்ச்மேன் வேலைக்கு கங்கப்பனும் மனு போட்டிருந்தார், கிடைக்கவில்லை.

அடுத்த கோடையில் போர்வெல் மோட்டார்கள் காற்றை இறைத்தன. டேங்கர் வந்தால்தான் தண்ணீர். வருகிற தண்ணீரைப் பிடித்துவைக்க வீட்டுக்கு ஒரு டிரம் வேண்டும். நூருல்லாவின் வியாபாரம் மண்டிக் காலத்தில்கூடக் காணாத உச்சத்துக்குப் போனது. இப்போது கழுவுவதற்கும் டேங்கர் தண்ணீர்தான் என்பதால் அரைகுறையாகத்தான் கழுவினார். யாரும் குறை சொல்லவில்லை. பாதுகாப்புக் குழுவின் பலகை நல்ல கெட்டித் தகரம். டிரம்களை வெயில் படாமல் மூட உதவியது.

ஒரு காலையில் ஜோதியம்மாள் வந்தாள். மாடுகளை விற்றுவிட்டிருந்தாள். வெயிலில் வரிசையாக நின்ற டிரம்களை நடந்து பார்த்து, ஒன்றின் மேல் கை வைத்தாள்.

"இது எவ்ளோ பாய்?"

"அறுநூறு," என்றார் நூருல்லா. முந்நூற்றைம்பதுக்குக் கொடுக்கிற டிரம். அவளுக்கென்றால் முந்நூற்றுக்கே கொடுக்கலாம் என்று மனசில் நினைத்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஆகாயத்தைப் பார்த்தார். அவள் திட்டுவாள், "என்னா பாய், தங்கத்துல செஞ்சதா?" என்பாள், நாலு எட்டு நடப்பாள், திரும்பி வருவாள்.

ஜோதியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நோட்டுகளை எண்ணி அந்த நல்ல நாற்காலியின் மேல் வைத்தாள்.

"ஏம்மா," என்றார் நூருல்லா. "ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"என்னாத்தெ கேக்கறது பாய்?"

"கொறச்சுக் கேக்கறது..."

"நீங்க சொன்னதுதானே வெல," என்றாள் அவள். அதில் குத்தல்கூட இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் டிரம்மைப் படுக்கப்போட்டு உருட்டிக்கொண்டு போனாள். காலி டிரம் கல்லில் முட்டி முட்டித் தெரு முழுக்கச் சத்தம் போட்டது. கூப்பிட்டு, இந்தா, பாதியைப் பிடி என்று சொல்ல நூருல்லாவின் வாய் வரைக்கும் வந்தது. எதிராளி கேட்காமல் தன் விலையைத் தானே இறக்குவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. துண்டுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டு, அவள் திரும்பி வருவாள் என்று தெருவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாஹிரா சாப்பிடக் கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை.